அட்டையில் இல்லாத என் பெயர்

மகன்,

மூன்று நாட்களாக உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் உனக்குத் தெரியும். திங்கட்கிழமை நீ அவளுக்குத் தொலைபேசி எடுத்தாய். விருதுக்காரர்கள் சான்றிதழில் போட முழுப்பெயர் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், அப்பாவின் பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று அவரிடம் கேளுங்கள், அவருக்கு விருப்பமில்லை என்றால் பழையபடி என் பெயரை மட்டும் கொடுத்துவிடுகிறேன் என்றாய். அவள் வந்து அப்படியே என்னிடம் சொன்னாள். நான் வாயைத் திறக்காமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பனி அள்ளினேன். அள்ளுவதற்கு அங்கே பெரிதாகப் பனியும் இருக்கவில்லை. செவ்வாயும் நான் பதில் சொல்லவில்லை, புதனும் சொல்லவில்லை. கடைசியில் அவள் சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளை கேட்டது உங்கடை பேரை. கிட்னியை இல்லை."

இன்று வியாழன். பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதம் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலின் மாத மடலிலும் வரும். பங்குச் சுவாமியிடம் கேட்டு இடம் வாங்கிவிட்டேன். ஆனால் முதலில் நீ வாசிக்க வேண்டும் என்பதால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஊருக்குக் காட்டிக் கடிதம் எழுத வேண்டுமா என்று நீ கேட்பாய். நான் பிழை விட்டதும் ஊருக்கு முன்னால்தான், அதனால் வேண்டும். உனக்குத் தெரிந்த கதைகளையும் இதில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே. எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ எழுத்துக் கூட்டி வாசிக்கிற வேகத்தைப் பார்த்து உன் ஆசிரியை பெருமூச்சு விட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதலில், இந்த விருதைப் பற்றி நான் அறிந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆண்டுதோறும் கொடுக்கும் பெரிய இசை விருதுகளுக்குள் சின்னப் பிரிவு ஒன்று இருக்கிறதாம்; தென் மாநிலங்களின் ஆலயப் பாட்டு, கன்ட்ரி, புளூகிராஸ் என்று அந்த மண்ணில் முளைத்த கொஸ்பல் அல்பங்களுக்கு மட்டும் உரியதாம். அதன் கடைசிச் சுற்றில் ஐந்து அல்பங்கள், அவற்றில் ஒன்று உங்கள் நால்வருடையது. அம்மா இதைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, எந்தச் சானலில் காட்டுவார்கள் என்பது. அது இரவு நிகழ்ச்சியில் வராது, அதற்கு முன் பகலிலேயே கொடுத்து முடித்துவிடுவார்கள் என்று நீ விளக்கினாயாம். அப்படியானால் சின்ன விருதுதானே என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அம்மாவுக்கு இது தெரியாது. மடலில் வாசித்து அறிந்துகொள்ளட்டும்.

உனக்கு இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பங்கில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டவுன்டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை, வெள்ளைக்காரரோடு பான்ஜோ வாசிக்க டென்னசிக்குப் போனது எப்படி என்பார்கள். இணையத்தில் பார்த்துக் கெட்டுப்போனான் என்று பதில் சொல்வேன். அது பொய். பழக்கியவன் நான். துறைமுகத்திலிருந்து லொறியில் கொள்கலன் ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் தெற்கே ஓடினேன். ஞாயிறு காலையில் வேர்ஜீனியாவுக்குக் கீழே போனால் வானொலியில் வேறு ஒன்றும் பிடிக்காது. பூசைக்குப் போக வழியில்லாத எனக்கு, பாட்டில் ஆண்டவரின் பெயர் வருகிறதே என்பது ஆறுதலாக இருந்தது. பிறகு ஆறுதல் போய் ஆசை வந்துவிட்டது. நாலு பேர், நாலு குரல், ஒருவர் குரலை ஒருவர் மிதிக்காமல் பாடுவார்கள். பெற்றோல் நிலையங்களில் கூடைக்குள் கிடந்த இறுவட்டுகளை வாங்கி வந்தேன். பள்ளி விடுமுறையில் ஒரு தடவை நீயும் லொறியில் வந்தாய். உனக்கு மேல் குரலைக் கொடுத்து நான் கீழே பாடினேன், அமெரிக்க எல்லை தாண்டும் வரை வாய் ஓயவில்லை. பங்கில் பாடகர் குழுவை நடத்துகிறவன் வேறு சபைகளைச் சேர்ந்த அல்லேலூயாக்காரரின் பாட்டை ரசிக்கிறான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டுக்கு வந்ததும் அந்த இறுவட்டுகளை லொறியிலேயே விட்டுவிடுவேன். நீ அப்படி ஒளிக்கவில்லை. உனக்குப் பிடித்ததை வெளிச்சத்தில் வைத்துப் பாடினாய்.

இனிப் பெரிய வெள்ளியின் கதை. அந்த நாளில் ஆண்டவரின் பாடுகளை நாங்கள் வாசிப்பதில்லை, பாடுகிறோம். பசான் என்று சொல்லுவோம். கதை சொல்லுகிறவனாக நான் பாடுவேன், ஆண்டவரின் வார்த்தைகளை நீ பாடுவாய். ஆறு வருடம் அப்படித்தான் நடந்தது. ஏழாவது வருடம், தவக்காலம் பாதி போனபோது, பெரிய வெள்ளி வரும் அதே வாரத்தில் தெற்கே ஒரு பாட்டு விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று நீ சொன்னாய். போகாதே என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உன் அம்மா சொல்லுவது சரி, அதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம். நீ போய்விட்டாய். வேறு ஒருவரைப் பழக்க நேரமிருந்தும் வீம்புக்கு நானே இரண்டு பங்கையும் பாடினேன். சிலுவையில் தாகம் என்று சொல்லும் இடத்தில் என் குரல் உடைந்து நின்றுவிட்டது. கோயில் நிறையச் சனம். சூசை அண்ணை பின்னால் இருந்து மெதுவாக அந்த வரியைப் பிடித்து முடித்து வைத்தார். அவர் எங்கள் குழுவின் அடிக்குரல், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நான் அடுத்த நாளே குழுவை விட்டிருப்பேன்.

அந்த வெட்கத்தை நான் உன் தலையில் கட்டினேன். அதை இவ்வளவு காலமும் மதம் என்று பெயர் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கத்தோலிக்கப் பிள்ளை அல்லேலூயாக் கூட்டத்தோடு பாடலாமா என்று சுவாமியிடமும் போய் முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு, அவர்கள் பாடுவதும் எங்கள் ஆண்டவரைத்தானே என்று கேட்டார். அந்தப் பதில் எனக்குத் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, உன் மேல் கோபப்பட ஒரு மரியாதையான காரணம்.

பிறகு உன் அந்தத் தொலைபேசி அழைப்பு. கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம், பத்துப் பேர். என் இரண்டு கையிலும் பாட்டுத் தாள்கள், அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினேன். அல்பம் முடிந்துவிட்டது, அட்டையில் பெயர் அச்சடிக்கப் போகிறார்கள், உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது, என் பாஸ்போட்டில் ஒரு மாதிரியும் பட்டச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கிறது, உங்களுக்கு எது விருப்பம் என்று கேட்டாய். எவ்வளவு நல்ல கேள்வி. மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "என்ரை பேரை அந்தக் கூட்டத்தோடை சேர்த்துப் போடாதை."

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் அப்பாவின் பெயர் எனக்குப் பின்னால், என் பெயர் உனக்குப் பின்னால். ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் என் பெயரைப் போடாதே என்று தகப்பன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கியது. உனக்கும் விளங்கியது. "ஓம் அப்பா, விளங்குது. சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மகன், நான் அன்று சொன்னது உனக்குச் சொன்னதே இல்லை. பத்துப் பேர் கேட்கட்டும் என்று சொன்னது. உனக்கு நான் ஏதாவது புத்தி சொல்லலாம் என்றால் இதைச் சொல்லுவேன்: உன் பிள்ளையோடு பேசும்போது அறையில் வேறு ஆட்கள் இருந்தால், பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு எடுக்கிறேன் என்று சொல். பார்க்க ஆள் இருந்தால் தகப்பன்மார் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அல்பம் தபாலில் வந்தது. நான் பிரிக்கவில்லை. அம்மா பிரித்துக் காருக்குள் வைத்துவிட்டாள், வேண்டுமென்றுதான் வைத்தாள். பியர்பொன்ட்ஸ் கடைத் தரிப்பிடத்தில் அவள் மரக்கறி வாங்கி வரும் வரை காத்திருந்த ஒரு பின்னேரம், கையில் எடுத்து அட்டையைப் பார்த்தேன். நாலு பேர் நிற்கிறீர்கள். மூன்று பேருக்கு இரண்டிரண்டு பெயர்கள். நாலாவது ஆளுக்கு ஒன்று. வரிசையில் உன் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடம் கிடந்தது. எவரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், எனக்கு மட்டும் அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. இறுவட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டில் மற்றவர்கள் நிறுத்திவிட, நீ தனியாக ஒரு வரி பாடுகிறாய். அந்த வரியின் கடைசிச் சொல்லை நேரே முடிக்காமல் கீழே இழுத்து, கொஞ்சம் நின்று, பிறகு விடுகிறாய். டென்னசியில் அப்படிப் பாட மாட்டார்கள். அது பசானில் நான் உனக்குக் காட்டிக் கொடுத்த இழுவை. அம்மா இரண்டு பைகளோடு வந்து கண்ணாடியில் தட்டியது எனக்குக் கேட்கவே இல்லை. குளிருக்குள் நிற்க வைத்தேன் என்று வீடு வரும் வரை ஏசிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு உன் பெயரை இணையத்தில் தேடத் தொடங்கினேன். ஒளித்துத் தேடினேன், பழக்கம் போகுமா. தெற்கே ஏதோ ஒரு வானொலியில் உன்னைப் பேட்டி எடுத்திருந்தார்கள். நடத்துகிறவர் நல்ல மனுஷன் போலிருக்கிறது, பகிடியாகத்தான் கேட்டார்: மற்ற மூவருக்கும் முழுப்பெயர் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் ஏன் ஒரு பெயர் என்று. நீ சிரித்தாய். எங்கள் ஆட்களிடம் அதுதான் வழக்கம், ஒருவருக்கு ஒரு பெயர் போதும் என்றாய். அவரும் சிரித்தார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். எங்கள் வழக்கம் அதற்கு நேர் எதிரானது என்று உனக்குத் தெரியும். என்னை அந்நியன் ஒருவன் முன்னால் குறைத்துச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. நான் பத்துப் பேர் முன்னால் உன்னை விட்டுக்கொடுத்தேன், நீ ஒரு நாடே கேட்கும் வானொலியில் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் உன்னோடு வானிலை பேசினேன். அங்கே மழையா, இங்கே பனி. நீ அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னாய். பிறகுதான் இந்த விருதுச் செய்தி வந்தது. செய்தி பங்குக்குள் பரவியதும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சூசை அண்ணை மட்டும் கை கொடுக்கவில்லை. எல்லோரும் போகும் வரை நின்றுவிட்டுக் கேட்டார்: "அண்டைக்குப் பேர் போடாதையெண்டு சொன்னனீ. இப்ப ஆரின்ரை மகனெண்டு கைதட்டுறது, தம்பி?"

நீ பெயர் கேட்டது அதற்கு அடுத்த நாள். இப்போது நான் மூன்று நாள் ஊமையாக இருந்ததன் காரணம் உனக்கு விளங்கும். விருப்பமில்லாமல் இருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். எவ்வளவு விருப்பம் என்றால், மின்சாரக் கட்டணம் வந்த உறையின் பின்பக்கத்தில் உன் பெயரை எழுதி அதற்குப் பின்னால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். அழகாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன், அல்பம் ஓடுமா ஓடாதா என்று தெரியாத நாளில் தர மறுத்த பெயரை, விருது வாசலுக்கு வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் யார் என்று. ஊரில் பந்தி போட்ட பிறகு கை கழுவிக்கொண்டு வருகிற ஆட்களை நான் எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன்.

நேற்றுப் பாட்டுப் பழக்கத்துக்குப் போனேன். அதே மண்டபம், அன்று இருந்தவர்களில் எட்டுப் பேர். தொடங்குவதற்கு முன் எழுந்து நின்று சொன்னேன். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. அன்று நான் என் மகனுக்குச் சொன்னது பிழை, உங்கள் முன்னால் சொன்னதால் உங்கள் முன்னாலேயே திருப்பி எடுக்கிறேன், அவன் எங்கள் குழுவை விட்டுப் போன கோபத்தில் சொன்னேன், மதத்தை அதற்குள் இழுத்தது என் வேலை என்றேன். பிறகு சூசை அண்ணை, சரி, அந்தப் பாட்டைப் போடு என்றார். நான் மூன்றாவது பாட்டைப் போட்டேன். முதலில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து பாடும் இடம் இரண்டாவது தடவை வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்குரலை முணுமுணுக்கத் தொடங்கினார், சொல் தெரியாது, சுரம் மட்டும். பெண்கள் மேல் குரலைப் பிடித்தார்கள். அன்று நாங்கள் பழக வேண்டிய பாட்டைப் பழகவே இல்லை. இந்தத் தவக்காலம் முடிந்ததும் உங்கள் நாலு பேரையும் இங்கே கூப்பிட்டு ஒரு மாலைப் பாட்டு வைக்கலாமா என்று பெண்கள் கேட்டார்கள். வருவாயா என்று கேள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வருவாயா? வந்தால் உன் கூட்டாளிகள் மூவரும் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், இடியப்பம் சாப்பிடுவார்களா என்று அம்மா, என் முகத்தைப் பார்க்காமலே, கேட்கிறாள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். கவனமாக வாசி, பாதியில் மனம் உடைந்து தொலைபேசியை மூடி வைக்காதே. அந்தச் சான்றிதழில் என் பெயரைப் போடாதே. இது அன்று சொன்ன போடாதே இல்லை. அந்த அல்பத்தை நீ தகப்பன் பெயர் இல்லாமல், தகப்பன் முகம் கொடுக்காமல், செய்து முடித்தாய். வென்றாலும் தோற்றாலும் அது உன் தனிப் பெயருக்குச் சேர வேண்டியது, அதில் பங்கு கேட்க எனக்கு வாயில்லை. நாளைக்கு உன் பெயரை மட்டும் அனுப்பு. விருது கொடுக்கும் அன்று பகல் நாங்கள் இருவரும் கணினிக்கு முன்னால் இருப்போம். உன் பெயரை ஒற்றையாக வாசிக்கும்போது நான் குறுகிப்போக மாட்டேன், சத்தமாகக் கைதட்டுவேன். வேறு யாருடைய பெயரையாவது வாசித்தால், அவர்களுக்கும் எழுந்து நின்று கைதட்டு. உன் முகம் என் முகத்தைப் போல, எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும், கொஞ்சம் பழகிக்கொண்டு போ.

இன்னும் ஒன்று. எந்த வானொலிக்காரராவது இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்டால், எங்கள் வழக்கம் என்று சொல்லாதே. அப்பா அப்போது வேண்டாம் என்றார் என்று உள்ளதைச் சொல். என்னைக் காப்பாற்றியது போதும். அப்பா பிறகு என்ன சொன்னார் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கும் உன்னிடம் பதில் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த அல்பத்துக்குப் பாட்டுகள் சேர்க்கத் தொடங்கிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். பாதிதான் ஆகியிருக்கிறது, நல்லாய் வருமோ தெரியவில்லை என்று நீ பயப்படுகிறாயாம். அதில் என் பெயரைப் போடு. பாஸ்போட்டில் இருக்கிற மாதிரியே எழுது. அதை ஒரு விருதுக்கும் எடுக்காமல் போகலாம், ஒரு வானொலியும் போடாமல் போகலாம். ஒருவரும் வாங்காமல் போனாலும் போடு.

உன் அப்பா